ஆரஞ்சுத் தோல் கலந்த சீனத் தேநீர் ஏன் கசக்கிறது?

கேள்வி: குவாங்சோ போய் வந்த நண்பர், ஆரஞ்சுத் தோல் கலந்த சீனச் 'சிவப்புத் தேநீர்' பாக்கெட் ஒன்று கொடுத்தார். வீட்டு டீ போலவே கொதிக்க வைத்தேன். ஒரே கசப்பு, தோலின் வாசனையே வரவில்லை. பால் சேர்க்கலாமா? வீட்டில் உரிக்கும் ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து இதேபோல் கலந்துகொள்ளலாமா?

பதில்: சீனர்கள் வடித்த டீயின் நிறத்தைப் பார்த்து 'ஹோங்சா', அதாவது சிவப்புத் தேநீர் என்கிறார்கள். நாம் பிளாக் டீ என்று சொல்வதும் அதைத்தான்.

இலையையும் தோலையும் ஒன்றாகக் கொதிக்க விட்டதால்தான் கசந்திருக்கிறது. இலை இரண்டு மூன்று நிமிடத்தில் சாரத்தை விட்டுவிடும். அதற்கு மேல் இறங்குவது துவர்ப்புதான். காய்ந்து விறைத்த தோலுக்கோ ஊறி இளகவே அவ்வளவு நேரம் வேண்டும். அதனால் பாக்கெட்டைத் தட்டில் கொட்டி, தோல் துண்டுகளைத் தனியே பொறுக்கி எடுங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் பலன் உண்டு. ஒரு சிட்டிகைத் தோலை வெந்நீரில் அலசி, 400 மில்லி தண்ணீரில் சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்து 4 கிராம் இலையைப் போட்டு மூடி, இரண்டே நிமிடத்தில் வடித்துவிடுங்கள். முதலில் இலையின் இனிப்பு தெரியும், அப்புறம் தொண்டையில் ஆரஞ்சு வாசனை மெல்ல எழும்.

பால் சேர்த்தால் அந்த வாசனை அமுங்கிப்போகும். நான் சேர்க்க மாட்டேன்.

வீட்டுத் தோல் விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம். சீனர்கள் பயன்படுத்துவது 'சென்பி'. பெயருக்கே பழைய தோல் என்றுதான் பொருள். குவாங்டோங் மாகாணத்தின் சின்ஹுயி வட்டாரம் இதற்குப் பேர்போனது. அங்கே பழத்தோலை மூன்று இதழாகக் கீறி, அடியில் ஒட்டியிருக்கும்படியே உரித்து, உட்புறம் வெளியே தெரியப் புரட்டி வெயிலில் காயவைப்பார்கள். மூன்று வருஷமாவது கிடந்தால்தான் அது சென்பி. வருஷங்கள் போகப் போக உள்பக்கத்து வெள்ளை பழுப்பாகும், பச்சைத் தோலின் காரமான நெடி தணியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எண்ணெய்ப் பைகள் ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஒரு வாரம் காய்ந்த தோலில் இந்தப் பக்குவம் வராது. ஆசைக்குச் செய்து பார்ப்பதென்றால் கமலா ஆரஞ்சு எடுங்கள். சின்ஹுயி பழமும் அதே மாண்டரின் இனம்தான். மெழுகு பூசிப் பளபளக்கும் கடை ஆரஞ்சு வேண்டாம். உள்வெள்ளையை ஸ்பூனால் சுரண்டிவிடுங்கள், கசப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

பொறுக்கிய தோலை ஈரம் படாமல் தனி டப்பாவில் வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை நல்ல வெயில் காட்டினால் போதும். பூஞ்சை வாடை வந்துவிட்டால் மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.