பல்கலைக்கழக அறிவியல் புலத்தின் ஆண்டுச் சாதனையை எப்படி மதிப்பிடுவது?

ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. துறைக்குத் துறை வழக்கம் வேறு. ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறையை அளந்து 2015இல் வெளியான கட்டுரையில் 5,000க்கும் மேற்பட்டோர் ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். கணிதத்திலோ ஒருவர் இருவர் சேர்ந்து எழுதுவதே சாதாரணம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். தரவைப் பிறருக்குத் திறந்துவிட்டார்களா, அந்த முடிவை வேறு யாராவது பயன்படுத்தினார்களா என்று பாருங்கள்.

அப்புறம் சமூகப் பணி. பொதுமக்களுக்காக நடத்தும் அறிவியல் விழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, வந்தவர்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்பதே எனக்கு முக்கியம். 2007இல் தொடங்கிய ‘கேலக்ஸி ஸூ’ திட்டம் விண்மீன் மண்டலப் படங்களை வகைப்படுத்தப் பொதுமக்களிடம் தந்தது. ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை அதில் ஒரு விசித்திர ஒளிர்மேகத்தைக் கவனித்து, அது என்ன என்று கேட்டார். வானியலாளர்கள் அதுவரை கண்டிராத பொருள் அது.