பிள்ளையின் சாவை நம்பாத பேரரசி

கேள்வி: ரஷ்யப் பேரரசி மரியா ஃபியோதரோவ்னா, தன் மகனும் ரஷ்யாவின் கடைசி ஜாருமான (பேரரசர்) இரண்டாம் நிக்கலஸ் கொல்லப்பட்டதைக் கடைசிவரை நம்பவில்லையாமே? அரண்மனைச் சொகுசிலேயே ஊறியவர்களுக்கு உண்மை உறைக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பதில்: இல்லை, இது அதற்குச் சான்று ஆகாது. டென்மார்க் இளவரசி டாக்மராகப் பிறந்த இந்தப் பெண்ணுக்குச் சாவு புதிதில்லை. முதலில் நிச்சயிக்கப்பட்ட ரஷ்ய இளவரசர் 1865இல் நோயில் இறந்தார். மறு ஆண்டு அவருடைய தம்பியையே மணந்து, மதமும் பெயரும் மாறி, ரஷ்யாவின் மருமகளானார். இரண்டாவது குழந்தை ஒரு வயது நிறையும் முன்பே போனது. 1881இல் மாமனார் வெடிகுண்டுக்குப் பலியானார். 1894இல் கணவர் மூன்றாம் அலெக்சாண்டர், 1899இல் காசநோயில் மகன் ஜார்ஜ். இத்தனையையும் ஏற்றுக்கொண்டவர்தான் அவர்.

நிக்கலஸ் விஷயம் வேறு. உடல் கிடைக்கவில்லை. 1918 ஜூலையில் புரட்சி அரசு வெளியிட்ட அறிவிப்பு, ஜார் மட்டும் சுடப்பட்டதாகவும் மனைவியும் மகனும் பத்திரமாக இருப்பதாகவும் சொன்னது. அதில் பாதி பச்சைப் பொய், குடும்பத்தையே கொன்றிருந்தார்கள். அப்படிப்பட்ட அரசின் வாக்கை ஒரு தாய் ஏன் நம்ப வேண்டும்? நம்பாததால், மகனுக்காக இறந்தோர் வழிபாடு நடத்தக்கூட அவர் சம்மதிக்கவில்லை.

சொகுசு என்றீர்கள். நடனமும் நகையும் அவருக்கு உயிர்தான், மறுக்கவில்லை. ஆனால் 1917இல், புரட்சியில் மகனின் ஆட்சி கவிழ்ந்த பிறகு, அவர் தங்கியிருந்த கிரிமியாவில் என்ன நடந்தது? விடியும் முன் படுக்கையறைக்குள் நுழைந்த மாலுமிகள் அலசித் தேடி, கடிதங்களையும் நாட்குறிப்புகளையும், கூடவே டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்திருந்த பைபிளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அப்போது அவருக்கு 69 வயது. 1919இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் மார்ல்பரோ கிரிமியாவின் யால்டா துறைமுகத்துக்கு வந்தபோது, வெளியேற விரும்பும் மற்றவர்களையும் ஏற்றிச் செல்ல ஏற்பாடு செய்தால்தான் வருவேன் என்று பிடிவாதமாக நின்றார். சொகுசுக்காரியின் பேச்சா இது?

உண்மை உறைக்காதவரும் இல்லை. முதல் உலகப் போரின்போது, 1915இல் நிக்கலஸ் தானே படைத் தலைமையை ஏற்கக் கிளம்பியபோது, வேண்டாம் என்று மன்றாடியவர் இந்த அம்மாதான். மகன் கேட்கவில்லை. தோல்விகளின் பழியெல்லாம் நேராக ஜார் தலையில் விழுந்தது.

சரி, அவர்மீது குற்றமே இல்லையா? இருக்கிறது, ஆனால் நீங்கள் காட்டும் இடத்தில் இல்லை. அவருடைய கணவரின் ஆட்சி, 1882இல் யூதர்கள் கிராமப்புறங்களில் புதிதாகக் குடியேறத் தடை போட்டது. பல்கலைக்கழகங்களின் தன்னாட்சியைப் பறித்தது. அந்த ஆட்சியின் பளபளப்பான முகமாக, ஊரே கொண்டாட வலம் வந்தவர் மரியா. அதற்காக அவரைக் கூண்டில் ஏற்றுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.