வாட்ச் செயினில் பின் நழுவினால்: கேள்வி பதில்

உட்லண்ட்ஸ் தம்பி: அண்ணே, வாட்ச் செயினின் கண்ணிகளைக் கோர்க்கும் சின்னக் கம்பி, அதான் அந்தப் பின், சாயங்காலம் ஆனால் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. கட்டைவிரலால் தள்ளிவிட்டுத்தான் எம்ஆர்டி ஏறுகிறேன். சூப்பர் குளூ போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. பசை கண்ணிக்குள் இறங்கினால் செயின் மடங்காது. பிறகு அசிட்டோனில் ஊறப் போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

செயினைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். சின்ன அம்புக்குறி இருந்தால், அந்தத் திசையில் தள்ளிப் பின்னை வெளியே எடுங்கள். ஒரு முனை இரண்டாகப் பிளந்திருக்கிறதா? அந்த இரண்டு கால்களும் துளையின் சுவரை நெட்டித் தள்ளுவதால்தான் பின் நிற்கிறது. கால்கள் ஒட்டிப்போனால் பிடிப்பு போய்விடும். பிளேடு நுனியை நடுவில் விட்டு ஒரு மயிரிழை விரித்தால் சில நாள் ஓடும். ஆனாலும் புதுப் பின் போடுவதுதான் சரி. பழையதன் நீளத்தையும் தடிமனையும் அளந்து வாங்குங்கள். 0.8, 0.9, 1 மி.மீ. என்று வரும், கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

மாட்டும்போது அம்புக்கு எதிர்த்திசையில், பிளவில்லாத முனை முதலில் போக வேண்டும். பிளந்த முனை கடைசியில் உள்ளே போகும்போது சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டியிருக்கும். விரலால் தள்ளியே முழுதும் போய்விட்டால் அந்தப் பின் உங்கள் செயினுக்கு ஒல்லி.

தெம்பனிஸ் அக்கா: சீக்கோ வாட்ச் தம்பி. பின்னைக் கழற்றியபோது எள்ளளவு குழாய் ஒன்று கீழே விழுந்தது. அது தேவையா?

பதில்: கட்டாயம் தேவை அக்கா, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சீக்கோவின் பல மாடல்களில் பின் வழவழப்பாக இருக்கும். அதை இறுக்கிப் பிடிப்பதே அந்தக் குழாய்தான். அது கண்ணியின் நடுத்துண்டுக்குள் உட்கார வேண்டும். அது இல்லாமல் எத்தனை முறை மாட்டினாலும் பின் நழுவும். அடுத்த முறை வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் வைத்துப் பிரியுங்கள்.

பொங்கோல் வாசகர்: என்னுடையதில் பின் இல்லை, ஸ்க்ரூ. அடிக்கடி கழன்றுவிடுகிறது.

பதில்: ஸ்க்ரூவில் படிந்த எண்ணெயையும் வியர்வையையும் துடைத்துவிட்டு ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட் 222 அல்லது 243 ஒரு புள்ளி வையுங்கள். ஒரு நாள் கட்டாமல் விடுங்கள். சிவப்பு வகை வேண்டாம். சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

ஜூரோங் வாசகர்: புதுப் பின் போட்டும் ஆடுகிறதே?

பதில்: அப்படியென்றால் துளை தேய்ந்திருக்கிறது. நம்மூர் வெக்கையில் வியர்வையும் அழுக்கும் கண்ணிக்குள் சேர்ந்து உலோகத்தை அரைக்கும். செயின் நீளம் குறைத்தபோது எடுத்த கண்ணிகள் வீட்டில் இருந்தால் அதில் ஒன்றை மாற்றிப் போடுங்கள். இல்லையென்றால் இப்போது இருப்பதைவிட 0.1 மி.மீ. கூடுதல் தடிமனான பின் போட்டுப் பார்க்கலாம். இனிமேல் செயினை மட்டும் தனியே கழற்றி, சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள்.

அங் மோ கியோ தங்கை: வாட்ச் முகத்தை ஒட்டியிருக்கும் பின் லூசாக இருக்கிறது அண்ணே.

பதில்: அது ஸ்பிரிங் பார் தங்கச்சி, வேறு சாமான். இரு முனையும் உள்ளே அமுங்கி வெளியே வரும். ஸ்பிரிங் தளர்ந்தால் வாட்சே கழன்று விழும், அதனால் தள்ளிப் போடாதீர்கள். செயின் சேரும் இடத்தின் அகலத்தை, 20 அல்லது 22 மி.மீ. என்று அளந்துகொண்டு புளோக்கின் கீழே உள்ள வாட்ச் கடைக்குப் போங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.