மண்டபத்து வைஃபையை நம்பி வீடியோ போடலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். கொழும்பின் ஈரநிலங்களைப் பற்றி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் இருபது நிமிடம் பேசப் போகிறார். யூடியூபில் பார்த்த இரண்டு காட்சிகளை பவர்பொயின்டுக்குள் போட வேண்டுமாம். ஒன்று சதுப்பு நிலம், மற்றது இரவில் நடமாடும் மீன்பிடிப் பூனை. "போன முறை லிங்க் மட்டும் வைத்திருந்தேன், மண்டபத்தில் இணையம் கைவிட்டுவிட்டது. வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ள மாணவர் ஒருவர் ஒரு தளத்தைக் காட்டினார். பாவிக்கலாமா?" என்று கேட்கிறார்.

அந்தத் தளம் வேண்டாம் டீச்சர். லிங்கை ஒட்டினால் வீடியோவை எடுத்துத் தரும் தளங்களில் 'டவுன்லோட்' என்று நாலு பொத்தான் இருக்கும். அதில் மூன்று விளம்பரம். தவறி அழுத்தினால் வேண்டாத மென்பொருள் ஏதாவது கணினியில் வந்து குந்திவிடும். அதைவிட, தான் டவுன்லோட் பொத்தான் தராத வீடியோவை அனுமதியில்லாமல் இறக்கக்கூடாது என்று யூடியூபின் விதிமுறையே சொல்கிறது. காசு கட்டி பிரீமியம் எடுத்தாலும் இறக்கிய வீடியோ அந்தச் செயலிக்குள்ளேதான் கிடக்கும், பவர்பொயின்டுக்குள் போட ஒரு கோப்பாகக் கைக்கு வராது.

"படிப்பிக்கத்தானே, சட்டம் விடாதா?" என்று கேட்பீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கற்பித்தல், ஆய்வு, விமர்சனம் போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. எவ்வளவு எடுத்தீர்கள், எதற்காக எடுத்தீர்கள், உரிமையாளரின் சந்தைக்குப் பாதிப்பா என்றெல்லாம் பார்த்துத்தான் அது நியாயமா என்று முடிவாகும். அரை நிமிடத் துண்டை வகுப்பில் காட்டுவதும் முழுப் படத்தையும் பெற்றோர் கூட்டத்தில் ஓடவிடுவதும் ஒன்றல்ல. தவிர, சட்டம் இடம் கொடுத்தாலும் தளத்தின் விதி விதிதான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, வேறு வழி? உங்கள் இரண்டு காட்சிக்கும் இரண்டு வழி இருக்கிறது.

சதுப்பு நிலத்துக்கு இணையமே தேவையில்லை. கொழும்பு 2018இல் ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கை) ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர். கோட்டைப் பக்கம் (புறக்கோட்டைக்கு அருகில் உள்ள கோட்டை இல்லை, ஜயவர்தனபுரக் கோட்டே) பெத்தகான ஈரநிலப் பூங்கா இருக்கிறது. ஒரு காலை போய் போனிலேயே எடுத்துவிடுங்கள். போனைப் படுக்கையாகப் பிடியுங்கள். ஒவ்வொரு காட்சியையும் பத்து செக்கன் ஆடாமல் எடுங்கள். 1080p போதும், 4கே எடுத்துக் கோப்பைப் பெருப்பிக்க வேண்டாம். ஐபோன் என்றால் கமரா அமைப்பில் ஃபோர்மட்ஸ் என்பதற்குள் 'மோஸ்ட் கொம்பாட்டிபிள்' என்று மாற்றிவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் சில விண்டோஸ் கணினிகளில் படம் வராது. தங்கள் ஊர்க் கால்வாயைத் தங்கள் டீச்சரே எடுத்திருக்கிறார் என்றால் பிள்ளைகள் எந்த வெளிநாட்டு ஆவணப்படத்தையும் விடக் கவனமாகப் பார்ப்பார்கள்.

மீன்பிடிப் பூனையை அப்படி எடுக்க முடியாது. இரவில் திரிகிற கூச்ச சுபாவி அது. இதற்கு, வீடியோவைப் போட்டவரிடமே கேட்பதுதான் நான் எப்போதும் முதலில் செய்வது. "உங்கள் வீடியோவில் 1.10 இலிருந்து 1.50 வரை உள்ள பகுதியை இன்ன பாடசாலையில், இன்ன திகதியில், உங்கள் பெயர் போட்டுக் காட்ட விரும்புகிறேன். மூலக் கோப்பைத் தருவீர்களா?" என்று நாலு வரி எழுதுங்கள். இலவசமாகக் காட்டப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தன் வீடியோவை யூடியூப் ஸ்டுடியோவிலிருந்து எம்பி4 ஆக இறக்குவது அவருக்குச் சில நிமிட வேலை. வட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், வீடியோவாக அனுப்பினால் நசுக்கி மங்கலாக்கிவிடும்.

பதில் வராவிட்டால் விக்கிமீடியா கொமன்ஸில் தேடிப் பாருங்கள். அங்கே இறக்கும் பொத்தான் வெளிப்படையாகவே இருக்கும், எந்த உரிமத்தில் பாவிக்கலாம் என்றும் எழுதியிருக்கும். அங்குள்ளவை பெரும்பாலும் வெப்எம் வடிவம், பவர்பொயின்டோடு ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு எம்பி4 ஆக்கிக்கொள்ளுங்கள். உள்ளே படம் எச்.264 வகையாகவும் ஒலி ஏஏசி வகையாகவும் இருந்தால் தொல்லையில்லை. திரையை ரெக்கோர்ட் பண்ணலாமே என்று யாராவது சொல்வார்கள். பண்ணலாம், ஆனால் அனுமதி இல்லாத குறை அப்படியே நிற்கும், படமும் மூலத்தைப் போல இராது.

இனி பவர்பொயின்ட். இன்சர்ட், வீடியோ என்று போனால் 'ஒன்லைன் வீடியோ' என்றும் 'திஸ் டிவைஸ்' என்றும் காட்டும். போன முறை முதலாவதைத் தொட்டிருந்தாலும் இதே கதிதான். அது வீடியோவை உள்ளே வைப்பதில்லை, காட்டும் நேரத்தில் இணையத்தில் போய்த்தான் எடுக்கும். இரண்டாவதைத் தெரிவுசெய்தால் கோப்பு ஸ்லைடுக்குள்ளேயே போய்விடும், பென்ட்ரைவில் தனியே கொண்டுபோகத் தேவையில்லை. (நான் எப்படியும் கொண்டுபோவேன், விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் போட்டாவது காட்டலாம்.) நாற்பது செக்கன் காட்சி, செக்கனுக்கு 5 மெகாபிட் வீதம் பார்த்தால் 25 எம்பிதான். நீளமானதை 'ட்ரிம் வீடியோ'வில் வெட்டலாம், ஆனால் வெட்டிய பகுதி கண்ணுக்குத்தான் மறையும். கோப்புக்குள் இருந்து அது போக வேண்டுமென்றால் ஃபைல், இன்ஃபோ, 'கொம்ப்ரஸ் மீடியா' வரை போக வேண்டும்.

இடையில் ஒன்று: தலைப்புகளைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மண்டபத்துக் கணினியில் பாமினி இல்லாவிட்டால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

அப்புறம் ஒலி. ஒருமுறை ஒரு மண்டபத்தில் படம் அழகாக ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. பழைய புரொஜெக்டர், விஜிஏ வயர். அதில் படம் மட்டும்தான் போகும், ஒலி போகாது. சபை பார்த்திருக்க நானே வாயால் பின்னணிக் குரல் கொடுத்தேன். எச்டிஎம்ஐ வயர் என்றால் வேறு கூத்து: ஒலியை விண்டோஸ் புரொஜெக்டருக்கே அனுப்பிவிடும், புரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கர் கடைசி வரிசைக்குக் கேட்காது. கீழே மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு மறுபடி லப்டொப்புக்கு மாற்றி, மண்டபத்து ஒலிபெருக்கிக்கு ஒரு 3.5 மிமீ வயர் கொடுங்கள். அந்த வயர் மண்டபத்தில் இருக்குமென்று நினைக்க வேண்டாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் முந்திப் போய்ப் பூனையை ஒருதரம் ஓடவிட்டுப் பாருங்கள்.