டிரைவில் போட்ட ஆல்பத்தை அழிக்கவா?

இசைக்குழுக்கள் தங்கள் பாட்டை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் காசு கொடுத்து வாங்கிய ஆல்பத்தை டிரைவில் போட்டு வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேருக்கு லிங்க் கொடுத்துவிட்டேன், இது இசைக்குழுவுக்கு விளம்பரமா நஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய சினிமாப் பாட்டுக்கு நாற்பது பேர் ஒரு பொருட்டில்லை. ஆனால் நாலு பேர் கைக்காசு போட்டுச் செய்த ஆல்பத்துக்கு அது பெரிய கூட்டம்.

நானும் ஒரு சின்னக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். இரைச்சல் பதிவாகிவிடும் என்று மாடி அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வையில் விரல் கம்பியில் வழுக்க வழுக்க ஒரே பாட்டைப் பதினோரு தடவை வாசித்தோம். வெளியான வாரமே யாரோ ஃபைலாகச் சுற்றவிட்டார்கள். நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் கூடவே பாடினார்கள், அது உண்மையிலேயே சந்தோஷம்தான், ஆனால் மிக்சிங் செய்தவருக்குப் பாக்கியை அடைக்க எட்டு மாதம் ஆனது.

பேண்ட்கேம்பில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதமும் பணம் செலுத்தும் கட்டணமும் போக மீதி குழுவுக்குத்தான். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டியே கிடையாது. ஃபைலாகக் கேட்பவர்கள் அந்த ஆயிரத்தில்கூடச் சேரமாட்டார்கள்.

அதனால் ஃபோல்டரை எடுத்துவிடுங்கள். அதே வாட்ஸ்அப் குழுவில் பேண்ட்கேம்ப் பக்கத்தின் லிங்க்கைப் போட்டு, எந்தப் பாட்டில் ஆரம்பிக்கலாம், ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள், வெறும் லிங்க்கை யாரும் திறப்பதில்லை. ஏற்கெனவே இறக்கியவர்களைத் துரத்த வேண்டாம். அப்புறம், அந்த இசைக்குழுவுக்கும் நடந்ததைச் சொல்லி ஒரு மெயில் அனுப்புங்கள். எங்களுக்கு அப்படி ஒன்று வந்திருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்போம்.