எக்ஸ் கதிரையும் துடிப்பு லேசரையும் கொண்டு அணுக்களின் அதிவேக அசைவை அளக்கும் கருவிகளில் எந்தப் பகுதி கடினமானது?

கதிரைக் குவிக்கும் ஆடிகளும் படிகங்களும்தான் கடினமாக இருக்கும் என்று கேள்வியில் ஊகித்திருக்கிறீர்கள். இத்தகைய கருவியொன்றில் பணிபுரிபவன் என்ற முறையில் சொன்னால், அவற்றைவிட இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைச் சரியாக அறிவதே எங்களை அதிகம் வாட்டுகிறது.

முறை எளியது. லேசர்த் துடிப்பு பொருளைத் தூண்டும்; சற்றுப் பின்னால் வரும் எக்ஸ் கதிர்த் துடிப்பு, அக்கணத்தில் அணுக்கள் இருக்கும் நிலையைப் பதிவுசெய்யும். தாமதத்தை மாற்றி மாற்றி அளந்து கோத்தால் அசைவு புலப்படும். பிஸ்மத் படிகத்தில் அணுக்கள் ஒருமுறை ஆடி முடிக்க ஏறத்தாழ 340 ஃபெம்டோ விநாடியே (ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஆவதால், எலக்ட்ரான்களை வட்டப் பாதையில் சுற்றவிட்டு எக்ஸ் கதிரைப் பெறும் சேமிப்பு வளையங்கள் தரும் 100 பிக்கோ விநாடி, அதாவது ஒரு லட்சம் ஃபெம்டோ விநாடி, அளவிலான துடிப்பு அதற்குப் போதாது. 2009-இல் கலிபோர்னியாவில் இயங்கத் தொடங்கிய எல்சிஎல்எஸ் போன்ற, வேக எலக்ட்ரான்களைக் கொண்டு ஃபெம்டோ விநாடி அளவிலான எக்ஸ் கதிர்த் துடிப்புகளைத் தரும் கட்டற்ற எலக்ட்ரான் லேசர்கள்தான் வேண்டும்.

எக்ஸ் கதிருக்குப் பொருள்களின் ஒளிவிலகல் எண் ஒன்றைவிட மிகச் சிறிதளவே குறைவு என்பதால், ஒரே வில்லையால் அதை வளைப்பது அரிது. ஆகவே வழவழப்பான ஆடியின்மீது ஒரு டிகிரிக்கும் குறைவான சாய்வில் கதிரை உரசிச் செல்லவிட்டோ, பெரிலியம் வில்லைகளை அடுக்கியோ குவிக்கிறோம். சிலிக்கான் படிகத்தால் கதிரிலுள்ள ஆற்றல்களின் வீச்சைக் குறுக்குகையில் மட்டும் கவனம் தேவை. அளவுக்கு மீறிக் குறுக்கினால் துடிப்பே நீண்டுவிடும்.

நேரத்துக்கு வருகிறேன். லேசர் பட்டுத் திரும்பும் ஆடியை 15 மைக்ரோமீட்டர் பின்னுக்கு நகர்த்தினால் 100 ஃபெம்டோ விநாடி தாமதம் கிடைக்கும். ஆனால் ஒரு டிகிரி வெப்பம் கூடினாலே எஃகுச் சட்டம் மீட்டருக்கு ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர் நீள்வதால், 40 ஃபெம்டோ விநாடி ஓசையின்றி நழுவிவிடும். ஒருமுறை இரு துடிப்புகளும் ஒன்றாக வந்துசேரும் கணத்தை இரவு முழுவதும் தேடினோம். லேசருக்குக் காலக்குறிப்பைக் கொண்டுவரும் மின்வடத்துக்குப் பதிலாக ஒரு மீட்டர் கூடுதல் நீளமுள்ள வடத்தை யாரோ மாட்டியிருந்தது விடியற்காலையில்தான் தெரிந்தது. அந்த ஒரு மீட்டர் ஏறத்தாழ ஐந்து நானோ விநாடி, அதாவது ஐயாயிரம் பிக்கோ விநாடி. நாங்கள் துழாவியதோ சில நூறு பிக்கோ விநாடிக்குள்!

இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் துடிப்புக்குத் துடிப்பு சற்றே மாறும் நடுக்கமும் உண்டு. அதை முற்றிலும் அடக்க முயல்வதைவிட, ஒவ்வொரு துடிப்பும் வந்த நேரத்தை அளந்து, பின்னர் தரவுகளை அந்த வரிசையில் அடுக்குவதே இப்போதைய வழக்கம். மெல்லிய சிலிக்கான் நைட்ரைடு தகட்டில் எக்ஸ் கதிர் பட்டதும் அது ஒளியைக் கடத்தும் அளவு சட்டென மாறும். நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருமாறு நீட்டிய வெள்ளொளியை அதன்வழியே செலுத்தினால், மாற்றம் தொடங்கும் நிறமே வருகை நேரத்தைக் காட்டிக்கொடுக்கும். திரையில் அந்த விளிம்பு துடிப்புக்குத் துடிப்பு இடமும் வலமுமாகத் தாவுவதைப் பார்த்துக்கொண்ட பிறகே நாங்கள் அளவீட்டைத் தொடங்குகிறோம்.