பிரஷர் பற்றிக் கேளுங்க: செவிலியர் அக்கா பதில்கள்

கேள்வி (தங்கச்சிமடம்): வீட்டுக்காரருக்கு 150/95. கடலுக்குப் போற ஆளு. தலைவலி, கிறுகிறுப்பு ஒண்ணுமில்ல, மாத்திரை எதுக்குங்கறார்.

பதில்: பிரஷர் ஏறினா உடம்பே சொல்லிடும்னு நம்புறதுதான் தொல்லை. பெரும்பாலும் சொல்லாது. 150 என்பது இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். 95, அது தளர்ந்திருக்கும்போது உள்ளது. வேற வேற நாள்ல பார்த்தும் 140/90-க்குக் கீழ வரலேன்னா ரத்தக்கொதிப்புதான். வலை இழுக்கிற தெம்பை வச்சு மூளை ரத்தக்குழாய்க்குள்ள நடக்கிறதைக் கணிக்க முடியாதும்மா.

கேள்வி (கீழக்கரை): வாப்பாவுக்கு இதயம் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. அப்புறம் ஏன் பிரஷர்?

பதில்: நல்லாக் கேட்டீங்க தம்பி. கோளாறு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத நுண்தமனிகள்ல, அதாவது ரொம்பச் சின்ன ரத்தக்குழாய்கள்ல. அதோட சுவர்ல தசை இருக்கு, அது இறுகினா வழி குறுகும். 1840 வாக்கில் புவாசெய் என்ற பிரெஞ்சு மருத்துவர் மெல்லிய கண்ணாடிக் குழாய்கள்ல நீரோட்டத்தை அளந்து ஒரு கணக்குச் சொன்னார்: விட்டம் பாதியானா ஓட்டம் பாதியாகாது, 16-ல் 1 பங்காயிடும். ரத்தம் தண்ணி மாதிரி அல்ல, நம்ம குழாயும் கண்ணாடி இல்ல. ஆனாலும் கொஞ்சம் குறுகினாலே இதயம் எவ்வளவு முக்கித் தள்ளணும்னு புரியும். அம்லோடிபின் மாத்திரை அந்தத் தசையைத்தான் தளர்த்துது. கணுக்கால் வீங்கினா டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க.

கேள்வி (மண்டபம்): பிரஷர் இருக்கு. பாசி எடுக்க முங்கலாமா அக்கா?

பதில்: மூச்சைப் பிடிச்சு முங்கினதும் நாடி மெதுவாகும், கைகால் குழாய்கள் சுருங்கும். மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையாம இருக்க உடம்பு செய்ற ஏற்பாடு. அதே சுருக்கம் அழுத்தத்தை ஏத்தும். கட்டுக்குள்ள வராத பிரஷரோட முங்காதீங்க. தொழில் என்னன்னு டாக்டர் கேக்காட்டியும் நீங்களே சொல்லுங்க.

கேள்வி (தொண்டி): கருவாடு?

பதில்: ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள்ள, ஒரு சின்ன டீஸ்பூன். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அதுல அடக்கம். எப்பவாவது ஆசைக்கு, நல்லா ஊறவச்சுக் கழுவி, குழம்புல தனியா உப்புப் போடாம. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.

கேள்வி (தேவிபட்டினம்): முகாம்ல 160, வீட்டுல 130. எது சரி?

பதில்: முகாம்ல வெயில்ல நடந்து வந்த சூட்டோட, சட்டை மேலயே பட்டையைக் கட்டி, கையைத் தொங்கவிட்டுப் பார்த்திருப்பாங்க. வீட்டுல 5 நிமிஷம் சாய்ஞ்சு உக்காந்து, கால் தரையில, கை நெஞ்சு உயரத்துல. மூத்திரத்தை அடக்கிட்டோ, டீ குடிச்ச உடனேயோ வேண்டாம். ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் குறிச்சு, அந்த நோட்டை டாக்டர்கிட்ட காட்டுங்க.